நடுவில் ஓட்டை இல்லாத இருபது கூடுகள்

என் அக்கா ஆர்டிஸ் யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்க மாட்டாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். பனியில் வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் மண்வாரியை எடுத்துத் தானேதான் தோண்டுவாள். விவாகரத்தாகிப் பத்து வருஷமாகத் தனி வீடு, தனிச் சமையல், தனி வேட்டை. துணைக்கு யாரையாவது கூப்பிடு என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த வருஷம் எல்க் மான் வேட்டைக்கான குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. ஒன்பது வருஷம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்த அனுமதி. சனிக்கிழமை விடிந்தால் சீசன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் வீட்டில் ஒரு தோட்டா இல்லை! அவளுடையது சுவிஸ் ராணுவத்தின் பழைய துப்பாக்கி. அதற்கான தோட்டா எங்கள் மோன்டானா மலையூர்க் கடையில் எங்கே கிடைக்கும்? வரவழைத்த பார்சலோ கணவாயில் பனிக்குள் மாட்டிக்கொண்டது.

தோட்டா தேடிப் போன இடத்தில் இரும்புக்கடை ஓரின் தன் துப்பாக்கியைத் தருவதாகச் சொன்னார். மனைவி இறந்து ஆறு வருஷமான மனிதர். அக்கா ஆணி வாங்க வந்தால் மட்டும் ஒவ்வொரு ஆணியாகத் துடைத்துத் துடைத்துக் கட்டுவார்.

“எடுத்துக்கோங்க ஆர்டிஸ். பழகாத துப்பாக்கி பாருங்க, நானும் கூட வந்தா…”

“உங்க துப்பாக்கி எனக்கு வேண்டாம். சுட்டு முடிச்ச பழைய தோட்டாக் கூடு இருக்கு, நானே தோட்டா செஞ்சுக்கறேன்.”

“அந்த ராணுவக் கூட்டுலயா? அதுல பிரைமரைக் கழட்டவே முடியாதுங்க. தூக்கிப் போடுங்க.”

முடியாது என்று சொன்னால் அக்கா விடுவாளா? நேராக வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் கடை பரப்பினாள். வெடிமருந்து, குண்டு, அந்த மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு மாதிரியான புதுப் பிரைமர் எல்லாம் அலமாரியில் தயாராக இருந்தன. இருபது பித்தளைக் கூடுகளின் அடியில் மட்டும், வெடித்து முடிந்த பழைய பிரைமர் பச்சைக் களிம்பு பூத்துப்போய் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது வெளியே வந்தால்தான் புதியதைப் பொருத்த முடியும்.

கூட்டை அச்சில் வைத்துக் கைப்பிடியை இழுத்தாள். பிரைமரைத் தள்ளும் ஊசி ‘டிக்’ என்று முறிந்தது. வேறு ஊசி மாட்டினாள். அதுவும் முறிந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

“அக்கா, இது மூணாவது ஊசி.”

“கணக்கெடுக்க உன்னை யாருடி கூப்பிட்டா? பேசாம காபியக் குடி.”

நான் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நடுவுல ஓட்டையே இல்லக்கா! ஓரமா ரெண்டு பொடி ஓட்டை இருக்கு. இவ்வளவு நேரமா சுவத்தப் போய்க் குத்திட்டிருக்கே!”

எங்கள் ஊர்க் கூடுகளில் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். ஊசி நேராக இறங்கித் தள்ளிவிடும். இவை அந்த ஜாதி இல்லை. அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“ஒன்பது வருஷம்டி, நேடீன்,” என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரித்ததே பாவமாகிவிட்டது.

“ஓரினைக் கூப்பிடவா?”

“கூப்பிட்டே, கொன்னுடுவேன்.”

“நல்ல மனுஷன்தானேக்கா?”

“யாரு இல்லேன்னா? நல்ல மனுஷன்தான். ஆனா வேற கதியில்லாம போய் நிக்கச் சொல்றியா? வேணும்னு போறது வேற, விதியேன்னு போறது வேற.”

மூக்கைச் சிந்திவிட்டுக் குழாயடியில் முகம் கழுவப் போனவள் அப்படியே நின்றாள்.

“ஊசி வளையாது. தண்ணி வளைஞ்சு போகும்ல?”

கூட்டில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். அதன் வாய்க்குள் நுழையும் கம்பி ஒன்றைச் செருகிச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டாள். களிம்பு கலந்த தண்ணீர் மொத்தமும் பீறிட்டு என் முகத்தில்!

“அடிப்பாவி, வாயெல்லாம் கசக்குது!”

“கம்பி லூசா இருக்குடி. அந்த டேப்பை எடு, சுத்திப் பார்ப்போம்.”

டேப் சுற்றிய கம்பி இறுக்கமாக உட்கார்ந்தது. மறுபடி ஒரு அடி. ‘டப்’ என்றது. கீழே வைத்திருந்த பாத்திரத்தில் பிரைமர் ‘டிங்’ என்று விழுந்தது.

“வந்துடுச்சுடீ!”

இரண்டு கிழவிகளும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். மதியத்துக்குள் விட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, என் சட்டை நாறியது, அக்காவின் கட்டை விரல் வீங்கிவிட்டது. ஒரு கூடு மட்டும் வெடிப்பு விட்டிருந்தது. மீதியை அடுப்பின் இளஞ்சூட்டில் காயவைத்து, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்து அளந்து போட்டு, குண்டைச் செருகி, மாலைக்குள் வரிசையாக நிறுத்திவிட்டாள். பத்தொன்பது தோட்டா, ஓரினின் உதவி இல்லாமல்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். யாருக்கு என்று பார்த்தால், ஓரினுக்கு! பீற்றிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“பத்தொம்பது தோட்டா ரெடி. துப்பாக்கி ஒண்ணும் வேண்டாம்.” நிறுத்தினாள். காதுவரை சிவந்துவிட்டது. “நீ வா.”

பத்து வருஷமாக அவருக்கு ‘நீங்க, வாங்க’ போட்டவள்! நான் போன் பக்கமாகக் காதைச் சாய்த்தேன்.

“என்ன, லைன்ல இருக்கியா இல்லையா?”

“விடியக்காலைல நாலு மணிக்கே வாசல்ல நிக்கறேன்,” என்று அவர் பரபரத்தது எனக்கே கேட்டது.

“நாலரைக்கு வந்தாப் போதும்,” என்றாள் அக்கா. “காபி நான் போட்டு வைக்கறேன்.”