ஏழாம் கட்டம் மட்டும் துளிர்க்கவில்லை

எங்கள் தெருவில் என் மனைவிக்குப் புதர் டீச்சர் என்று பெயர். பதினோரு வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்திவிட்டு, நாற்பது வயதில் சம்பளமில்லா விடுப்பு போட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். எங்கிருந்தோ வந்து மேய்ச்சல் நிலத்தையெல்லாம் வளைத்துப் போட்டுக்கொண்ட முள்புதரை ஒழிப்பது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. வெட்டினால் போதாதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அன்று சாப்பாடு ஆறிப்போகும் வரை எனக்குப் பாடம் நடந்தது.

பாடத்தின் சுருக்கம்: வெட்டினால் மட்டும் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வெட்டிய ஐந்து நிமிடத்துக்குள் அடிக்கட்டையில் மருந்து தடவினால் வேரோடு சாகும். இதை நிரூபிக்கக் கயிறு கட்டிப் பன்னிரண்டு கட்டங்கள் பிரித்தாள். ஆறில் வெட்டித் தடவ வேண்டும், ஆறில் வெட்டிவிட்டுச் சும்மா விட வேண்டும். நான் பேக்கரி வேன் ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு பிரஷ் பிடிக்கும் ஆள்.

மருந்தில் நீலச் சாயம் கலப்பாள், எதைத் தடவினோம் என்று கண்ணுக்குத் தெரிய. கடைசி ஞாயிறு அந்தச் சாயம் தீர்ந்துவிட்டது. அவள் தள்ளி நின்று அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். என் டப்பாவில் மருந்து மிச்சம். பக்கத்தில் ஏழாம் கட்டத்தில் அப்போதுதான் வெட்டிய கட்டைகள். அது சும்மா விட வேண்டிய கட்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கலந்த மருந்தைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. தடவிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மறந்தும் போனேன்.

நாலு மாதம் கழித்து, வெட்டிச் சும்மா விட்ட கட்டங்களெல்லாம் இடுப்பளவு துளிர்த்து நின்றன, ஏழைத் தவிர. என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று பை பையாக அள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அவளுடைய பேராசிரியர் இதைக் கருத்தரங்கில் சொல்லச் சொன்னார். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. வாயைத் திறந்தால் அவள் உழைப்பு வீண். திறக்காவிட்டால் ஊர் முன்னால் அவள் பொய் சொன்னதாக ஆகும். மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

கருத்தரங்குக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"அது மண்ணு இல்ல. நான்தான். மிச்ச மருந்த வீணாக்க வேண்டாமேன்னு ஏழுலயும் தடவிட்டேன்."

அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எத்தனை கட்டையில?" என்றாள்.

"எல்லாத்துலயும்."

"அவ்வளவா மிச்சம் இருந்துச்சு?"

"சிக்கனமாத் தடவினேன்."

சிரித்துவிட்டாள். பிறகு நடந்தது வேறு விஷயம். கருத்தரங்கில் பேச வரவில்லை என்று சொல்லிவிட்டாள், விடுப்பை ஆறு மாதம் நீட்டினாள், புதிதாக ஒரு கட்டம் வெட்டினாள். என்னிடமிருந்து பிரஷைப் பிடுங்கிக்கொண்டு அளவு நாடாவைக் கொடுத்தாள்.

கடைசி வாய்மொழித் தேர்வுக்கு நானும் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஏழாம் கட்டத்தை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டார். தவறுதலாக மருந்து பட்டுவிட்டது என்றாள். அந்தக் கட்டைகளில் சாயமே இல்லையே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று விடவில்லை அவர்.

"நான் கண்டுபிடிக்கல சார். செஞ்சவரே வந்து சொன்னார். அவர் சொல்லலன்னா இன்னைக்கு நான் தப்பான முடிவோட உங்க முன்னாடி நின்னிருப்பேன்."

தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேனில் ஏதோ எடுக்கப் போகிறவன் மாதிரி எழுந்து வெளியே வந்தேன்.