பொட்டு வைத்த ஃப்ளாப்பி

அப்போது என் மகளுக்கு ஆறு மாதம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று பேசுவதுதான் குடும்பம் நடத்துவது.

தஞ்சாவூரில் ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்கு ஒருவர். கடைசி நாளன்று சொந்தமாக ஒரு பாடத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்து அதிகாரிகள் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியவர்களுடைய பள்ளிக்குத்தான் முதலில் கம்ப்யூட்டர் வருமாம். எங்கள் பள்ளியில் மற்றவர்கள் எல்லாரும் ஓய்வை நெருங்கியவர்கள். "மவுஸைப் பிடிச்சா எனக்குக் கை நடுங்கும்மா, நீயே போயிட்டு வா" என்று சொல்லித் தலைமையாசிரியர் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்.

கைக்குழந்தைக்காரி என்று சொல்ல வாயெடுத்தேன். வேலைக்கு வந்த புதிதில் முடியாது என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளும் ஒரு தாயா என்று தோன்றியது. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் இந்த இரண்டு மனமும் சண்டை போட்டுக்கொண்டே வந்தன.

முதல் நாள் குழந்தை புட்டிப்பாலை வாயிலேயே வைக்கவில்லை. நான் மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. நாளையிலிருந்து போகவில்லை என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை என்றால் என் மாமியார். மறுநாள் காலையில் பார்த்தால், எனக்கு முன்னால் குளித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூளி கட்டுவதற்குப் பழைய புடவை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பி நிற்கிறார்.

"நீ உள்ள படி. நாங்க ரெண்டு பேரும் வெளியில கெடக்குறோம். வா, பஸ்ஸு போயிடும்."

சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் குடும்பம் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம். அத்தை நடவுக்கு இறங்கினால் மற்ற பெண்கள் அவரைப் பார்த்துத்தான் வரிசை பிடிப்பார்கள். கூப்பிட வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னோடு வந்தார்.

பயிற்சி நிலையத்து வாசலில் ஒரு வேப்பமரம். அதில்தான் தூளி. நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏசி அறைக்குள் போய்விடுவோம். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பாதி நேரம். எனக்கு ஜோடியாக அமைந்தவர் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியை. என்னைவிட மூத்தவர், வாயாடி. கண்ணாடி ஜன்னல் வழியே நான் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "போய்ப் பாலைக் குடுத்துட்டு வாங்க டீச்சர். உங்க எலியை நான் பிடிச்சு வைக்கிறேன், ஓடிடாது" என்று மவுஸைக் காட்டிச் சொல்வார்.

பயிற்சியாளர் எங்கள் எல்லாரையும்விட வயதில் சின்னவர். அமெரிக்கா போக விசாவுக்குக் காத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். கண்டிப்பான ஆள். அறைக்குள் தண்ணீர் பாட்டில் கூடாது, தின்பண்டம் கூடாது, குழந்தை கூடவே கூடாது.

நான் எடுத்துக்கொண்ட பாடம் காவிரி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா இல்லையா என்பது தெரியும். அது எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வருகிறது என்று தெரியாது. அதனால் ஒரு வரைபடம் போட்டு, பொத்தானை அழுத்த அழுத்த நீலக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, குடகிலிருந்து மேட்டூர், மேட்டூரிலிருந்து கல்லணை, அங்கிருந்து புதாறு என்கிற கல்லணைக் கால்வாய் வழியாக எங்கள் ஊர் வாய்க்கால் வரைக்கும் வந்து சேருகிற மாதிரி செய்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேமித்தால் போகும்போது ஒன்றாகப் போய்விடுமே என்று பயந்து, துண்டு துண்டாகத்தான் சேமித்து வைத்தேன். நாகப்பட்டினத்து டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊரு கடைமடை டீச்சர். எங்களுக்கு எப்பவும் கடைசியாத்தான் தண்ணி வரும். நீங்களாவது படத்துல சீக்கிரம் அனுப்பிவிடுங்க" என்றார்.

இடையில் சரஸ்வதி பூஜை விடுமுறை வந்தது. விடுமுறையில் மெஷின்களை எல்லாம் துடைத்துப் புதிதாக எல்லாம் போடப்போகிறோம், உள்ளே எதுவும் மிஞ்சாது, அவரவர் பாடத்தை அவரவர் ஃப்ளாப்பியில் எடுத்துப் போய்விடுங்கள், அதில் தண்ணீர் மட்டும் படவே கூடாது என்றார் பயிற்சியாளர். உள்ளங்கை அளவு கறுப்புச் சதுரத் தட்டு. என் காவிரி முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. இன்னொன்றிலும் பதிந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்களோ என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அதைக் கைக்குட்டையில் சுற்றி, பட்டுப்புடவைக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் வைத்தேன். வைத்தேனா என்று ஒருமுறை திறந்து பார்த்தேன். அப்புறமும் திறந்து பார்த்தேன். நான் அத்தனை பத்திரப்படுத்தியதாலேயே அது அத்தையின் கண்ணில் பெரிய பொருளாகிவிட்டது.

பூஜையன்று நான் கொல்லையில் குழந்தைத் துணி அலசிவிட்டு உள்ளே வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் எல்லாம் தயாராக இருந்தது. அரிவாள், மண்வெட்டி, என் கணவர் விட்டுப்போன கொத்துக் கரண்டி, ரசமட்டம், பக்கத்தில் என் புத்தகங்கள். புத்தகங்களுக்கு மேலே, நடுநாயகமாக, அந்த ஃப்ளாப்பி. பளபளக்கிற தகட்டின் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஓரத்தில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் பைப்படியில வச்சு நல்லாத் தேச்சுக் கழுவிட்டேம்மா" என்றார் அத்தை. "இதுலதான் ஒன் படிப்பெல்லாம் இருக்குன்னு சொன்னியே, அதான் மொத பொட்டு இதுக்கு."

சட்டென்று எடுத்துத் துடைக்கலாம் என்றால், பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை புத்தகத்தைத் தொடக்கூடாது, கருவியைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அதை மீறியதே இல்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். எழுத்தே தெரியாத மனுஷி. என் படிப்பைக் கும்பிடுவதற்காக நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். அவரிடம் எதைச் சொல்வது? அன்று முழுக்கச் சுண்டலும் பொரியுமாக வீடு களைகட்டியிருந்தது. நான் மட்டும் அந்தச் சந்தனம் காய்ந்து உள்ளே இறங்குவதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

விஜயதசமி காலையில் அத்தையே அதைக் கண்ணில் ஒற்றி என் கையில் கொடுத்தார். புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வெளியே சுத்தமாகிவிட்டது. ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டருக்குள் செருகியதுமே அது அரிசி மில் மாதிரி கறகறவென்று சத்தம் போட்டது. பயிற்சியாளர் ஓடிவந்து வெளியே எடுத்து மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"என்ன மேடம், சந்தன வாசனை வருது?"

அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு உடம்பு கூசியது. அத்தையைச் சொல்ல மனம் வரவில்லை. தண்ணீர் பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் சொல்லியும் படித்தவர்களே இப்படிச் செய்தால் எப்படி என்றார். மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள். என் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் இல்லை, குழந்தையை மரத்தடியில் போட்டது வீண், அத்தை நடவை விட்டது வீண் என்று கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

நாகப்பட்டினத்து டீச்சர் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். மருமகள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அத்தை அவரைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவரும் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வெறுங்காலோடு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி, அத்தை உள்ளே வந்தார். அத்தனை ஆசிரியர்களுக்கும் நடுவில் நின்றார்.

"தம்பி, அதைக் கழுவுனது நானு. பொட்டு வச்சதும் நாந்தான். எம் மருமவளுக்கு ஒண்ணும் தெரியாது. திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க."

தலை குனியவில்லை. பயிற்சியாளர் அவரையும் குழந்தையையும் பார்த்தார். குழந்தை கூடாது என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இங்க வாங்கம்மா" என்று அத்தையைக் கூப்பிட்டு, வரிசையாக இருந்த கம்ப்யூட்டர்களைக் காட்டினார். "அதுங்க நெத்தியைப் பாருங்க."

அதுவரை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு மானிட்டரின் மேல் விளிம்பிலும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு நான்தாம்மா வச்சேன். நீங்க வச்சதும் நான் வச்சதும் ஒரே பொட்டுதான். என்ன, நான் குளிப்பாட்டல, நீங்க குளிப்பாட்டிட்டீங்க."

சிரிப்பு மறுபடி எழுந்தது. இந்த முறை அது வேறு சிரிப்பு. அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதன் பிறகு பயிற்சியாளர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். பிளேடால் ஃப்ளாப்பியின் பிளாஸ்டிக் ஓட்டைப் பிளந்தார். உள்ளே மெல்லிசாக ஒரு கறுப்பு வட்டம். பஞ்சை நனைத்து, குழந்தையின் காதைத் துடைப்பது போல அதைத் துடைத்தார். மின்விசிறிக்கு அடியில் உலர வைத்தார். புதிய ஃப்ளாப்பி ஒன்றைப் பிளந்து, அதன் ஓட்டுக்குள் என்னுடைய வட்டத்தை வைத்து மூடினார். சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதிலேயே போயிற்று. அவருடைய டிபன் டப்பா திறக்காமலேயே இருந்தது.

செருகினோம். குடகு வந்தது. மேட்டூர் வந்தது. கல்லணை வந்தது. அதற்குக் கீழே எதைத் தொட்டாலும் திறக்கவில்லை.

"கல்லணை வரைக்கும் வந்த தண்ணியை ஊருக்குள்ள விடமாட்டேங்குறான் பாருங்க" என்றார் நாகப்பட்டினத்து டீச்சர். அப்புறம் தன் நாற்காலியை எனக்காக நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. இன்னைக்கு என் பங்கு நேரமும் உங்களுக்குத்தான்."

அவருடைய பாடமே இன்னும் முடிந்திருக்கவில்லை. வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பயிற்சியாளர் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை ஏசி காற்று படாத மூலையில் போட்டு, அத்தையைக் குழந்தையோடு உட்காரச் சொன்னார். குழந்தைக்கு நான் பால் கொடுத்த நேரத்தில் நாகப்பட்டினத்து டீச்சர் மவுஸைப் பிடித்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முந்தானைக்குள்ளிருந்தபடியே வழி சொன்னேன். கல்லணை தாண்டி, தஞ்சாவூர் தாண்டி, ஒரத்தநாடு வந்து, எங்கள் ஊர் வாய்க்கால் வரைக்கும் மாலைக்குள் கோடு வந்து சேர்ந்தது. இந்த முறை மூன்று ஃப்ளாப்பிகளில் பதிந்து, நானும் டீச்சரும் பயிற்சியாளரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போனோம்.

கடைசி நாளன்று அதிகாரிகள் முன்னால் நான் முதல் பொத்தானை அழுத்தியதும் பின்வரிசையிலிருந்து யாரோ, "மேட்டூர் திறந்தாச்சு!" என்று கத்தினார்கள். நீலக்கோடு எங்கள் ஊரைத் தொட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அடுத்து நாகப்பட்டினத்து டீச்சர். அவருடைய கடலோரப் பாடம் திரையில் பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. சாக்பீஸை எடுத்து மீதியைக் கரும்பலகையில் வரைந்து முடித்தார். ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. அவருடைய பள்ளிக்கும் கம்ப்யூட்டர் கிடைத்தது என்று அப்புறம் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று, முதல் பொட்டு வைக்க அத்தையைக் கூப்பிட்டு வரச்சொன்னார் தலைமையாசிரியர். அத்தை தட்டோடு கிட்டே போனார், பார்த்தார், நின்றுவிட்டார். "வேணாம் சார், பட்டதே போதும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து மேசையின் காலில் சந்தனத்தை வைத்துவிட்டு வந்தார்.

இப்போது என் மகள் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தன் முறை வரும்போது அந்த மேசையில் உட்கார்ந்து காவிரியை ஊருக்குக் கொண்டுவருகிறாள். பயிற்சியாளர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. எதைச் செய்தாலும் தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிற என் சுபாவம் மாறிவிடவில்லை. ஆனால் தப்பு நடந்துவிட்ட ஒரு நாளில், என்னைக் காப்பாற்ற வெறுங்காலோடு உள்ளே வந்தவரையும், அவரை வெட்கப்பட விடாமல் மானிட்டரின் நெற்றியைக் காட்டியவரையும், தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தவரையும் ஒரே அறையில் பார்த்தவள் நான். அந்த நினைவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இன்றும் தெரியாத ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் போய் உட்காருகிறேன்.