நத்தை வராத பாத்தி

யுத்த காலத்தில் நான் வெள்ளவத்தையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ரயில் போகும்போது கதைப்பதை நிறுத்துவோம். போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். என் பதவியின் பெயர் விவசாயத் தரவு உதவியாளர். நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா, பொலிஸ் பதிவுப் படிவத்தில் என் தொழிலை எழுத வந்தபோது பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"பிள்ளை, அது என்ன வேலை?"

"கமக்காரர் என்ன நட்டவை, எவ்வளவு வெட்டினவை எண்டு எழுதிவைக்க உதவி செய்யிறது."

"கொழும்பிலை எங்கை கமம்?"

"ஹெந்தளையிலை கீரை போடினம்."

அவர் சிறிது யோசித்துவிட்டு 'கிளார்க்' என்று எழுதினார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்குப் படிவத்தில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஹெந்தளையில் வாய்க்கால் ஓரமாக எட்டுக் குடும்பங்கள் கங்குன் கீரையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் போட்டார்கள். பெரும்பாலானவர்கள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். விடியற்காலையில் வெட்டி, கட்டுக் கட்டி, பஸ்ஸில் கொட்டாஞ்சேனைச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். எந்தப் பாத்தி எப்போது நட்டது, எப்போது வெட்டியது, எது ஏன் கருகியது என்பதெல்லாம் அவர்களுடைய தலையில் இருந்தது. அதைக் கொப்பியில் ஏற்றுவதுதான் என் வேலை. தலையில் இருப்பதைவிடக் கொப்பியில் இருப்பது நல்லது என்று எங்கள் பணிப்பாளர் நம்பினார். நானும் நம்பினேன்.

ஒரு சிக்கல் இருந்தது. எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு எழுத வாசிக்க வராது. அதற்காக நான் படக் குறிகள் உண்டாக்கினேன். மழைக்குக் குடை. வாய்க்கால் தண்ணீர் ஏறினால் அலை. வெட்டிய கட்டுக்குக் கோடு. நத்தை தின்றால் நத்தை. ஒவ்வொரு கொப்பியின் முதல் பக்கத்திலும் அவரவர் பாத்திகளின் வரைபடம். வரைபடத்தில் பக்கத்தில் நிரந்தரமாக இருக்கும் இடங்களையும் குறியுங்கள், அப்போதுதான் திசை விளங்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த நாட்களில் அங்கே நிரந்தரமாக இருந்தவை வாய்க்கால், பாலம், பாலத்தடியில் சோதனைச் சாவடி. எட்டுப் பேரும் மூன்றையும் அழகாகக் குறித்தார்கள். நான் பாராட்டினேன்.

எட்டுக் கொப்பிகளிலும் ஒழுங்கானது ஓர் அக்காவின் கொப்பி. நாற்பது வயதிருக்கும். கணவர் மட்டக்குளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பாத்திகள் முழுக்க அவருடைய பொறுப்பு. ஒரு நாளும் தவறவிடமாட்டார். கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கீரைக் கூடையிலேயே வைத்திருப்பார். மாத முடிவில் நான் போய் எல்லாக் கொப்பிகளையும் தாள்களில் பிரதி எடுத்து வருவேன். தாள்கள் வெள்ளவத்தை அலுமாரிக்குள் போகும். அங்கிருந்து அறிக்கை ஒன்று வெளிநாட்டுக்குப் போகும்.

அந்த அக்காவின் தாள்களில் ஒரு விடயம் தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு நத்தைத் தொல்லை. அதுவும் பொல்லாத தொல்லை. நான் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, உங்கடை பாத்தியிலை நத்தை கூட. சுண்ணாம்பும் சாம்பலும் போடவேணும்."

"நத்தை இல்லீங்களே மிஸ்."

"இருக்கு அக்கா. கொப்பியிலை இருக்கு."

அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க மிஸ்," என்றார். அடுத்த மாதம் நிறுவனம் ஒரு மூட்டை சுண்ணாம்பு அனுப்பியது. அவர் கையெழுத்துக்குப் பதில் விரலடையாளம் வைத்து வாங்கிக்கொண்டார்.

இதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் அவருடைய கணவர் எங்கள் அலுவலகப் படிகளில் ஏறி வந்தார். வேலைக்குப் போகும் சட்டையோடு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவள நேத்து காலையில பொலிஸ்ல புடிச்சிட்டாங்க மிஸ். பஸ்ஸ நிப்பாட்டி கூடையப் பாத்திருக்காங்க. உங்க கொப்பியாலதாங்க."

'உங்க கொப்பி' என்று அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பாலத்தின் படம், சாவடியின் படம், தண்ணீர் ஏறிய நாட்கள், ஒவ்வொரு நாளுக்கும் விளங்காத குறிகள், எண்ணிக்கைக் கோடுகள். வேறு ஒருவருடைய கூடையில் கண்டிருந்தால் நானே பயந்திருப்பேன்.

பணிப்பாளர் கொட்டாஞ்சேனைக்காரர், நிதானமானவர். உடனே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து, நிறுவனத்தின் முத்திரையை இரண்டு இடங்களில் குத்தினார். தானும் வருவதாகச் சொன்னார். பிறகு அன்று ஒரு கூட்டம் இருப்பது ஞாபகம் வந்தது.

"நீங்களும் போகத் தேவையில்லை," என்றார். "அவர்ட்டைக் கடிதத்தைக் குடுத்து விடுவம். நீங்கள் போனா உங்களையும் வச்சுக்கொண்டு கேப்பினம். கதை பெரிசாகும்."

"குறியளைக் கீறினது நான், சேர்."

"அதாலைதான் சொல்லுறன்."

நான் போனேன். துணிச்சல் என்று சொல்ல முடியாது. போகாமல் இருந்தால் பின்னேரம் முழுக்க அந்த அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் காரணம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கடிதம், ஒரு வெற்றுக் கொப்பி எல்லாவற்றையும் பைக்குள் வைத்து, கணவரோடு பஸ் ஏறினேன். பொலிஸ் நிலைய வாசலில் அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

மேசையில் ஒரு சார்ஜன்ட் இருந்தார். நீ யார் என்று சிங்களத்தில் கேட்டார். பஸ்ஸில் வரும்போதே மனதில் அடுக்கி வைத்த வசனத்தைச் சொன்னேன். சிங்களத்தில் தரவுக்கு 'தத்த', பல்லுக்கு 'தத்'. பயத்தில் கடைசி எழுத்து விழுந்துவிட்டது. நான் விவசாயிகளின் பற்களைச் சேர்ப்பவள் என்றும், மாதம் ஒரு முறை போய் எடுத்துவந்து வெள்ளவத்தையில் ஓர் அலுமாரியில் வைப்பதாகவும் சொல்லிவிட்டேன்.

சார்ஜன்ட் பேனையை மூடினார். பிறகு எழுந்து உள்ளே போய், தமிழ் தெரிந்த ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிளைக் கூட்டி வந்தார்.

கான்ஸ்டபிளின் உதவியோடு பற்கள் தரவுகளாகின. என்னை இன்ஸ்பெக்டரின் அறைக்குக் கொண்டுபோனார்கள். அவர் மேசையில் அக்காவின் கொப்பி விரித்திருந்தது. பக்கத்தில், சிங்களத்தில் எழுதிய ஒரு நீளத் தாள். அன்று காலை அக்காவிடம் ஒரு பக்கத்தைக் காட்டி, ஒவ்வொரு குறிக்கும் அர்த்தம் கேட்டு எழுதியிருந்தார். இப்போது அதே பக்கத்தை நான் வாசிக்க வேண்டும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்.

நல்ல முறை. எங்கள் நிறுவனத்தில் நாங்கள் அப்படிச் செய்ததில்லை.

வாசித்தேன். குடை, மழை. அலை, வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. ஐந்து கோடு, ஐந்து கட்டு. கான்ஸ்டபிள் மொழிபெயர்க்க, இன்ஸ்பெக்டர் தாளில் ஒவ்வொன்றாகச் சரி அடையாளம் போட்டார். ஒரு குறிக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தினார். தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு மட்டும் அந்த மனிசி பதில் சொல்லல்ல," என்றார் கான்ஸ்டபிள். "மிஸ்ஸக் கேளுங்கன்னு சொல்லிட்டா."

தலைகீழாக வைத்த கிண்ணம் போல ஒரு அரைவட்டம், அடியில் ஒரு கோடு.

"நத்தை," என்றேன்.

இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். பிறகு முன்னோக்கி. அவர் கேட்டதைக் கான்ஸ்டபிள் மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"சேர் வீட்டிலயும் மரக்கறித் தோட்டம் இருக்காம். நத்தை மழைக்குத்தான் வருமாம். இது மழை இல்லாத நாள்லதான் கூட இருக்கு. எந்தப் பாத்தியா இருந்தாலும், சந்தைக்குக் கொண்டுபோற கட்டுக்குப் பக்கத்துல மட்டும் இருக்கு. கட்டின கட்ட நத்தை திங்கிறதான்னு கேக்குறார்."

பத்து மாதங்களாக அந்தக் கொப்பியைப் பிரதி எடுத்தவள் நான். அவர் ஒரு காலையில் பார்த்ததை நான் பார்க்கவில்லை. கூர்ந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நான் உண்டாக்கிய நத்தையின் முதுகில் ஒரு சுருள் இருக்கும். இதில் ஒன்றிலும் சுருள் இல்லை. கீறத் தெரியாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்து, நானே தாள்களில் சுருள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

"எனக்குத் தெரியாது," என்றேன். அந்த அறையில் சொல்லக்கூடாத சொல் அதுதான் என்று சொன்னபின் தோன்றியது.

அக்காவைக் கூட்டி வந்தார்கள். ஒரே இரவில் முகம் வற்றியிருந்தது. சேலை முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "நீங்க ஏன் மிஸ் வந்தீங்க?"

"அக்கா, இது என்ன குறி? உள்ளதைச் சொல்லுங்கோ."

அவர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தொப்பிங்க."

"என்ன தொப்பி?"

"பாலத்தடியில நிக்கிறவங்க தொப்பி. மழையில்லாத நாள்ல வெளிய வந்து, ஒரு கட்டு குடு, ரெண்டு கட்டு குடுன்னு கேப்பாங்க. குடுப்பேன். வெட்டின கட்டுக்கும் வித்த கட்டுக்கும் ஏன் சரிவரலன்னு மிஸ் கேப்பாங்கன்னு, அதையும் போட்டு வச்சேன்."

கான்ஸ்டபிள் உடனே மொழிபெயர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பிறகு கான்ஸ்டபிள் மிகச் சிறிய வசனம் ஒன்றைச் சொன்னார். அவ்வளவு நீளமான பதில் சிங்களத்தில் எப்படி அவ்வளவு குறுகியது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் போதுமானதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் கொப்பியை முதலிலிருந்து புரட்டினார். ஒவ்வொரு தொப்பியிலும் பென்சில் நுனியை வைத்து எடுத்தார். முடிந்ததும் அவர் மேசை லாச்சியிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, முதல் பக்கத்து வரைபடத்தை ஓரம் பிசகாமல் கிழித்துத் தன் கோப்பில் வைத்தார். மிச்சக் கொப்பியை அக்காவிடம் கொடுத்தார்.

"படம் கீற வேணாமாம்," என்றார் கான்ஸ்டபிள். "கொப்பிய ரோட்டுக்குக் கொண்டுபோகவும் வேணாமாம். வீட்டுல வைக்கட்டாம். நீங்க போகலாம்."

நான் கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்து, இரண்டு முத்திரை எதற்கு என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வெளியே கணவர் அக்காவின் கையிலிருந்து வெற்றுக் கூடையை வாங்கிக்கொண்டார். கீரை முதல் நாளே வாடிப்போயிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நான் மன்னிப்புக் கேட்டேன். தடுத்து வைத்ததற்கா, நத்தைக்கா என்று எனக்கே தெளிவில்லை. அக்கா அதை நத்தைக்கு என்றே எடுத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு போட்டதுல ஒரு பாத்தி வெந்து போச்சுங்க மிஸ். பொன்னாங்காணி. நீங்க சொன்னீங்கன்னு போட்டேன்."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"நத்தை இல்லன்னு சொன்னேனே மிஸ். கொப்பியில இருக்குன்னீங்க."

பஸ் வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள். நான் எதிர்ப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றேன்.

அடுத்த வாரம் அலுமாரியைத் திறந்து எட்டுக் குடும்பங்களின் தாள்களையும் எடுத்துக்கொண்டு ஹெந்தளைக்குப் போனேன். அதுவரை எழுதியதை யாருக்கும் திருப்பி வாசித்துக் காட்டியதில்லை. பாய் விரித்து எல்லாத் தாள்களையும் பரப்பி, ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர்கள் திருத்தினார்கள். ஒருவருடைய மழையை நான் இன்னொருவருக்குப் போட்டிருந்தேன். ஒருவர் இரண்டு மாதமாகப் பாத்தியே போடவில்லை. என் கணக்கில் அமோகமாக விளைந்திருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

எட்டுப் பேரின் தாள்களும் முதன்முறையாக அருகருகே கிடந்ததால் ஒன்று தெரிந்தது. அதைக் கண்டவர் அக்கா. அலைக் குறிகள் எல்லாருடைய தாளிலும் ஒரே நாட்களை ஒட்டியே இருந்தன. கடல் முகத்துவாரத்துக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்கு அடுத்தடுத்து.

"பூரணையும் அமாவாசையும்ங்க," என்றார். "வெயில் காலத்துல அந்த நாள்ல உப்புத் தண்ணி ஏறுது. அதுக்குப் பொறவுதான் எல கருகுது. நாம வியாதின்னு மருந்தடிச்சோம்."

அதன் பிறகு வெயில் மாதங்களில் அந்த நாட்களுக்கு முன்பே வெட்டிவிடுவது என்றும், பாத்திக்குத் தண்ணீர் எடுக்கும் சின்ன வாய்க்கால்களைப் பலகை வைத்து அடைப்பது என்றும் தீர்மானித்தார்கள். முழுக்கத் தப்பவில்லை. முந்தியதைவிட அதிகம் தப்பியது. பணிப்பாளரிடம் நான் நத்தைப் பிழையை எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, அடுத்த அறிக்கையில் நத்தைத் தாக்கம் முற்றாக ஒழிந்தது என்று எழுதினார். அது உண்மையும்கூட.

கொப்பிகள் பற்றியும் அன்றே முடிவெடுத்தார்கள். அவை அவரவர் வீட்டில் இருக்கும். நான் வந்து பார்க்கலாம். எதைப் பிரதி எடுக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். பணிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் கேட்பார்கள் என்றார். கேட்டார்கள். இருப்பதை அனுப்பினோம்.

அடுத்த மாதம் அக்காவின் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படியிலிருந்து தேநீரோடு வந்து, எனக்குப் பின்னால் நின்று பார்த்தார். நான் ஒரு பக்கத்தைத் திருப்பியதும் குனிந்து கொப்பியின்மேல் கையை வைத்தார்.

"இது வேணாம் மிஸ்."

என்ன பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவர் கையை எடுக்கும்வரை தேநீரைக் குடித்தேன். பிறகு அடுத்த பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.