ஆடி அமாவாசைக்குப் போன வழியில் ஒரு கடைவாய்ப்பல்

1961 ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் எங்களைப் பெற்ற அய்யாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதென்று நானும் தம்பி முத்துவும் கிளம்பினோம். அய்யா தவறி வருஷம் திரும்பிய பிறகு வரும் முதல் ஆடி. மூத்தவன் நான், கடலில் இறங்கித் தண்ணீர் விடவேண்டியவனும் நான்தான்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குச் சிக்கலில் பஸ் ஏறினோம். ராமநாதபுரத்துக்கு இருபது மைலுக்குக் கிட்ட வரும், டிக்கெட் முக்கால் ரூபாய். இந்த வழியில் வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள், பின்னால் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். பாதி வழியில் கடலை மிட்டாயைக் கடித்தேன். கீழ்க் கடைவாய்ப்பல் ஆடியது.

மாசியில் மிளகாய் பறிக்கும் நேரத்தில் இந்தப் பல் என் உயிரை வாங்கியது. புகையிலையை அடக்கிக்கொண்டு காலம் தள்ளினேன். பிறகு ஈறில் கொப்புளம் வந்து உடைந்தது. சீழோடு வலியும் போனது. சூடு இறங்கிவிட்டது என்றார்கள்; எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், நானும் நம்பினேன். அதன்பிறகும் கொப்புளம் வந்து வந்து உடைந்தது, வலி மட்டும் இல்லை. வலிக்காத பல் எதற்கு ஆடவேண்டும்? எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ரயிலுக்கு நேரமிருந்ததால் முத்துவை இழுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனேன்.

அவர் எக்ஸ்ரே எடுத்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தாடை எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பல்லின் வேர் நுனியைச் சுற்றி மட்டும் மொச்சைக்கொட்டை அளவுக்குக் கறுப்பு.

“இந்த இடத்துல எலும்பு இல்ல” என்றார்.

“எலும்பைப் புழு தின்னுருச்சா?”

“புழுவெல்லாம் கிடையாது. பல்லுக்குள்ள அழுகி, கிருமி வேர் வழியா வெளிய வருது. அதைத் தடுக்க உடம்பு அங்க ரத்தத்தைக் கூட்டுது. அதான் வீக்கம். அந்த வீக்கம்தான் எலும்பைக் கரைக்குது.”

“நம்ம உடம்பே கரைக்குதா?”

“பக்கத்துக் கொல்லையில தீப்பிடிச்சா உங்க வேலியை நீங்களே வெட்டுவீங்கல்ல, அந்த மாதிரி. தீ அணையிற வரைக்கும் வெட்டிக்கிட்டே இருக்கும். சீழுக்கு வழி கிடைச்சதால உங்களுக்கு வலிக்கல, அவ்வளவுதான். இப்படியே விட்டா அடுத்த பல்லும் ஆடும்.”

“இப்பவே பிடுங்குங்க” என்றேன்.

முத்து பதறிவிட்டான். வாயில் ரத்தக்காயம் இருப்பவன் தர்ப்பணம் செய்யக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். “அய்யாவுக்குத் தண்ணி விட்டுட்டு வந்து பிடுங்குங்கண்ணே. இம்புட்டு நாள் பொறுத்தாச்சுல்ல.”

“இம்புட்டு நாள் பொறுத்துத்தாம்லே எலும்பு போச்சு. சீழ் வடியிற வாய்க்குத் தீட்டு இல்லையா? தண்ணியை நீ விடு, அய்யா கோவிக்க மாட்டாரு.”

டாக்டர் பிடுங்கிவிட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டே ரயிலேறினேன். பாம்பன் பாலத்தில் எல்லோரும் கடல் பார்க்க, முத்து தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் கடலில் அவன் இறங்கினான், நான் கரையில் நின்றேன். அய்யாவின் பெயரைத் தம்பி சொன்னபோது அழுதுவிட்டேன். வருத்தமில்லை என்றால் பொய். ஆனால் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை.

அமாவாசைக்கு வருகிறவர்களுக்கு: கூட்டம் அதிகம், முதல் நாளே வந்துவிடுங்கள். ஈறில் கொப்புளம் இருந்தால், வலிக்காவிட்டாலும், ஊரில் இருக்கும்போதே வைத்தியம் பாருங்கள். என்னைப் போல வழியில் பார்க்காதீர்கள். மார்கழியில் மறுபடி படம் எடுத்தேன். கறுப்பில் வெள்ளை ஏறியிருக்கிறது, எலும்பு வளர்கிறது என்றார் டாக்டர்.

நாளை தை அமாவாசை. கடலில் நான் இறங்குகிறேன், முத்து கரையில் நிற்பான். அவன் கடைவாயிலும் முந்தாநாள்தான் ஒன்றைப் பிடுங்கினார்கள்.