தாத்தா வெட்டாத ரோடு

அப்பா, நீங்கள் எழுதிய மற்றப் புத்தகமெல்லாம் பள்ளிக்கூட நூலகத்தில் இருக்கிறதே, ரோட்டுக் கதை மட்டும் ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன் பிள்ளைகளே.

நான் பிளஸ் டூ வரைதான் படித்தவன். ஆனாலும் கள்ளக்குறிச்சியில் ஒரு தலைவர் பேசிய பேச்செல்லாம் பல வருஷம் நான் எழுதிக் கொடுத்ததுதான். ஜனங்கள் எங்கே கை தட்டுவார்கள் என்று யோசித்து, அந்த இடத்தில் சிவப்புக் கோடு போடுவேன். கோடு வந்ததும் அவர் நிறுத்திவிட்டுத் தோள் துண்டைச் சரிசெய்வார். கைதட்டல் விழும்.

ஒரு தேர்தலில், மலையில் கரியாலூருக்கும் மேலே இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு ரோடு வந்த கதையை எழுதினேன். அங்கேயே போய் விசாரித்து எழுதியது. பிரசவ வலி வந்தவளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய ஊர் அது. பொறுக்க முடியாமல் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கடப்பாரையால் பாறையைப் பெயர்த்தார்கள். பெண்கள் கூடையில் மண் சுமந்தார்கள். அவர்களே போட்ட ரோடு.

தலைவர் என்ன செய்தார் தெரியுமா? சிவப்புக் கோட்டுக்கு முன்னால், "அந்த ரோட்ட வெட்டினது எங்க தாத்தா!" என்றார். அந்தத் தாத்தா அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலை ஏறினதே இல்லை என்று அவர் வீட்டாரே சொல்லிச் சிரிப்பார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் கேட்டேன். "இன்னா தலைவரே, நான் அப்படி எழுதலியே?"

"கை தட்னாங்களா இல்லியா? வுடுபா."

அன்றோடு அந்த வேலையை விட்டேன். பிறகுதான் நம் பக்கத்து ஊர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்னப் புத்தகமாக எழுத ஆரம்பித்தேன். நன்றாகவே விற்றன. ரோட்டுக் கதை அச்சுக்குப் போகிற நேரத்தில் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"தாத்தாவ ஒரு பக்கத்துல போட்டுடு. தாலுக்கா பூரா ஸ்கூலுக்கு நானே வாங்கித் தர்றேன். இல்லன்னா ஒரு ஸ்கூலும் வாங்காது, பாத்துக்க."

"அது நடக்கலீங்களே."

"நடக்கலியா? நான் எத்தினி மேடையில சொல்லிக்கினு இருக்கேன், ஜனம் நம்புது. வரலாறுன்னா வேற இன்னாபா?"

முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பள்ளிக்கூடம் வாங்காவிட்டால் புத்தகம் எந்தப் பிள்ளை கைக்குப் போகும்? குழப்பத்தோடு மறுநாள் அந்த ஊருக்கே போனேன். மழையில் ரோட்டின் மேல் மண் சரிந்து கிடந்தது. பெண்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ஓர் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"அப்படியா சாமி? அப்ப அந்தத் தாத்தாவ வரச் சொல்லு. அவரு வெட்டின ரோடு சரிஞ்சி கெடக்குது. கூடை நாங்களே தர்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்து மண்ணை அள்ளினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

கரியாலூருக்கு இறங்கி, சிக்னல் கிடைத்ததும் தலைவருக்குப் போன் போட்டேன். அந்த அம்மா சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். பட்டென்று வைத்துவிட்டார்.

அடுத்த போன் அச்சகத்துக்கு. "எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். அடிங்க."