தோளில் குத்திய ஊசி

எங்கள் வீட்டுத் தையல் மிஷின் என் மனைவியைவிட வயதில் மூத்தது. எவ்வளவு மூத்தது என்று கண்டுபிடிக்கப் பல வருடம் முயன்றிருக்கிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரி காலண்டர்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. ஒரு பொருளுக்குத் தேதி தெரியாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. ஆனால் மிஷினில் கம்பெனிப் பெயர் இருந்த இடம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. பொன்னிறப் பூக்கொடியில் ஓரிரு இலைகள்தான் மிச்சம். அது எங்கள் குடும்பத்துக்கு வந்த காலம் மட்டும் நிச்சயமாகத் தெரியும்: என் மனைவியின் அக்கா பட்டாசு ஆலை விபத்தில் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம்.

என் மாமனார் விருதுநகருக்குப் போய், பழைய சாமான் கடையில் அதை வாங்கி, பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்தாராம். அவரும் பட்டாசுத் தொழிலாளிதான். "நான் போறதோட சரி. நீ அங்கன காலெடுத்து வைக்கக் கூடாது" என்று சின்ன மகளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் கல்யாணத்தின்போது சீர் வந்த வண்டியிலிருந்து பாத்திரங்களுக்கு முன்னால் மிஷின்தான் இறங்கியது. என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள, இது ஓடுற வரைக்கும் அவ வீட்ல இருப்பா" என்றார்.

அது இன்னும் ஓடுகிறது. அவ்வப்போது பெல்ட்டை மாற்றி, எண்ணெய் விட்டதைத் தவிர நாங்கள் அதற்கு எதுவும் செய்ததில்லை. பள்ளிக்கூடப் பை, மடித்த போர்வை, ஜீன்ஸ் கால், எதைக் கொடுத்தாலும் முனகாமல் தைக்கும். துணிதான் வரவில்லை. முதலில் சிறு பெண்களின் பாவாடை நின்றது. பிறகு நைட்டி, பிறகு பள்ளிச் சீருடை. கடைசிவரை வந்துகொண்டிருந்த ரவிக்கையும் பஸ் ஸ்டாண்டு அருகே புதிதாகத் திறந்த கடைக்குப் போய்விட்டது. மாமனார் இதையெல்லாம் பார்க்க உயிரோடு இல்லை. விருதுநகரில் எனக்குத் தெரிந்த பருப்பு வியாபாரி ஒருவரிடம் சாக்குப் பை தைக்கும் வேலை கேட்டேன். சிரித்தார். "அண்ணாச்சி, எந்தக் காலத்துல இருக்கீக? பை தைச்சே வருது. வாயைத் தைக்கக் கை மிஷின் கெடக்கு. டர்ருனு ஒரு இழுப்பு, முடிஞ்சது."

போன ஆனியில், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்தபோது, தானும் பட்டாசு வேலைக்குப் போவதாக என் மனைவி சொன்னாள்.

"உங்க அப்பா என்ன சொன்னாருன்னு மறந்துட்டியா?"

"அப்பா மிஷின் வாங்கிக் குடுத்தாரு. துணி குடுக்க ஆள் வாங்கிக் குடுக்கலையே."

எதிர்வீட்டுப் பெண் ஏற்கெனவே அதே ஆலைக்குப் போகிறவள். அவளோடு வேனில் ஏறிப் போன என் மனைவி, முதல் நாள் காலையிலேயே நடந்து திரும்பி வந்துவிட்டாள். காரணம் ஓர் ஊசி. கொக்கி வைத்துத் தைக்கும்போது யாராவது கூப்பிட்டால், ஊசியை ரவிக்கையின் இடது தோளில் குத்திக்கொண்டு எழுந்திருப்பது அவளுடைய பழக்கம். குத்தியது நினைவில்லாமல் அதே ரவிக்கையோடு போயிருக்கிறாள். வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் இரும்பு போகக் கூடாது. எங்காவது உரசினால் போதும்.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வந்து நடித்துக் காட்டினாள். "கேட்டுல சோதிக்கிற அக்கா பாம்பைக் கண்ட மாதிரி கத்துனாக, அண்ணாச்சி! போர்மேன் ஓடி வந்து, 'ஏத்தா, நீ தைக்க வந்தியா, எங்களை மேல அனுப்ப வந்தியா? இன்னைக்கு வேலை கெடையாது, வீட்டுக்குப் போ'ன்னுட்டாரு. மதினி மொகத்தைப் பாக்கணுமே!"

எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். அந்த ஒரு நாள் கிடைத்ததே என்றிருந்தது. என் மனைவி சிரிக்கவில்லை. ஊசியை மிஷினின் கழுத்தில் கட்டியிருந்த துணிப் பொட்டலத்தில் குத்திவைத்தாள். மறுநாள் மறுபடியும் வேலைக்குப் போய்விட்டாள்.

பெட்டியில் அடுக்கும் வேலைக்குத்தான் எடுத்திருந்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். சில நாட்களில் அவளைத் திரி சொருகும் அறைக்கு மாற்றினார்கள். "தையக்காரி வெரலுன்னு போர்மேன் சொல்றாரு. என் அளவுக்கு யாருக்கும் வேகம் இல்லையாம்" என்று விரல்களை விரித்துக் காட்டினாள். அந்த வேகம் எந்த மிஷினில் வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அக்கா இருந்ததும் திரி சொருகும் அறையில்தான்.

ஆடிப்பெருக்கு கழிந்த வாரம், அச்சகத்தில் இருக்கும்போது சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். பிறகு போனை எடுப்பார்கள். ஆலைக்குள் போகிறவர்கள் போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாத்தூர் ரோட்டில் வேறு ஆலை என்று தெரிய வெகுநேரம் ஆனது. யாரோ ஒருவருடைய வீட்டுக்கு அது வேறு ஆலை இல்லை.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவள், "சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

"நாளையிலிருந்து போக வேண்டாம்."

"சரி, நின்னுர்றேன். நின்னு என்ன செய்யன்னு சொல்லுங்க."

மிஷினைப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணெய் விட்டிருந்தேன்.

முதல் நாள் பட்ட அவமானத்துக்குப் பிறகு, தினமும் கிளம்புமுன் என் முன்னால் வந்து நிற்பாள். நான் தோளைத் தடவிப் பார்த்து ஊசி இல்லை என்று சொன்ன பிறகுதான் வாசல் இறங்குவாள். அன்று சத்தம் கேட்டதற்கு மறுநாள், அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது பொட்டலத்திலிருந்து அந்த ஊசியை எடுத்தேன். தோளில் குத்திவிட்டால் கேட்டில் பார்ப்பார்கள், திருப்பி அனுப்புவார்கள், இந்த முறை ஒரேயடியாக அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது.

அவள் வந்து நின்றாள். ஊசி என் விரலிடுக்கில் இருந்தது. கேட்டில் பார்க்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

"நல்லாப் பாத்தீகளா?"

"பாத்தாச்சு. இல்ல."

வேன் ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள். நான் ஊசியைப் பொட்டலத்திலேயே குத்திவைத்தேன். இப்போதும் தினமும் தோளைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். என்னால் முடிவது அது ஒன்றுதான்.