கூலிக்காரர் இல்லாத தெரு

சாமுண்டீஸ்வரி என்ற பெயரை மங்களம் முதன்முதலில் கேட்டது தன் நிச்சயதார்த்தத்தன்று. "மாப்ளைக்கு ஒரே தங்கச்சி, சாமுண்டீஸ்வரி. அவள ஒரு எடத்துல தள்ளிட்டா உனக்குப் பிக்கல் இல்ல," என்றாள் பெரியம்மா. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவுக்கு மங்களம் வாழ வந்தபோது, அந்தப் பெண் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தது. அண்ணன் சம்பத், தங்கச்சி, அண்ணி மூன்று பேரும் அதற்கப்புறம் ஒரே வயலில் கூலிக்கு நட்டார்கள். தெரு முழுக்க அதே பிழைப்புதான்; ஊரில் கூலிக்காரர் தெரு அது ஒன்றுதான்.

எண்பத்தொன்றில் சாமுண்டிக்குப் பூந்தமல்லியிலிருந்து சம்பந்தம் வந்தது. கடை வைத்திருந்த குடும்பம். கூலிக்காரர் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். அந்த மாசமே மக்கள் கணக்கெடுப்பு. எழுத வந்த தட்சிணாமூர்த்தி வாத்தியாரோ மாப்பிள்ளைக்குச் சொந்தத் தாய்மாமன். சம்பத் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டான். "வாத்தியார் கேட்டா சொந்தப் பயிருன்னு சொல்லிடுங்க. ஒரு பொண்ணு வாழ்க்கை." ஒரு வீடு கூலி என்று சொன்னாலும் மற்ற வீட்டுப் பொய் வெளுத்துவிடும் இல்லையா? தெருவே ஒத்துக்கொண்டது.

மங்களம் நடவிலிருந்து ஓடிவந்து, சேற்றுக்காலைக் கழுவி, இரவல் வளையலை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ என்னம்மா வேலை செய்யற?"

"எங்க நெலம் ஏரிக்கு அந்தாண்ட கீது சார். அத்தப் பாத்துக்கறேன்."

வாத்தியார் எழுதிக்கொண்டார். கல்யாணம் நடந்தது.

பிறகு சம்பத் செத்தான். பிள்ளை இல்லை. வயல் மனையாகி, மனை கிடங்காகிவிட்டது. மங்களம் பஸ் ஏறிப் போய் அயனம்பாக்கத்து அடுக்குமாடியில் படி பெருக்கினாள். ஏரி ஓரத்துக் குடிசையை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். அதே சமயம், கிடங்கு கட்டிய கம்பெனி, வேலை போன பழைய வயல் கூலிகளுக்கு வரிசை வீடு கட்டியது. ஆனால் அதற்கான ஊர்ப் பட்டியலில் மங்களத்தின் ஊர் பேரே இல்லை.

ஏன் என்று அடுக்குமாடியில் குடியிருந்த நிர்மலிடம் கேட்டாள். மதுரைப் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் வேலை. வயல் இருந்த காலத்து, எண்பத்தொன்றின் மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் கம்பெனி ஊர்களைப் பொறுக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதையும் அதற்கு முந்தைய கணக்கின் அட்டவணையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"எழுபத்தொண்ணுல உங்க ஊர்ல விவசாயக் கூலி நூத்திப் பத்துப் பேரும்மா. எண்பத்தொண்ணுல ஒருத்தர்கூட இல்ல, எல்லாரும் சொந்தப் பயிர். ஊரோட புதையல் எடுத்தீங்களா?"

"இல்லப்பா. பொண்ணு குடுத்தோம்."

அவன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டான். அந்தக் காலத்தில் அவளோடு கூலிக்கு நட்ட ஒருத்தர் நேரில் வந்து சொன்னால் வீடு தருவோம் என்றார்கள். தெருக்காரர்கள் செத்தும் சிதறியும் போயிருந்தார்கள். மிச்சம் சாமுண்டி ஒருத்திதான்.

பூந்தமல்லி வீட்டில் சாமுண்டி வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினாள்.

"நாத்து நட்டோம்னு ஒரு வார்த்தை வந்து சொல்லு சாமுண்டி. ஊட்ட இடிக்கப் போறாங்க."

"யாரு நட்டது, நானா? இன்னா அண்ணி, வயசாயி மறந்துட்டியா? நமக்குத்தான் ஏரிக்கு அந்தாண்ட நெலம் இருந்திச்சே. உன் வாயாலதானே சொன்ன?"

"அடிப்பாவி! உங்க அண்ணன் காலு சேத்துப்புண்ணுல அழுகினது..."

"மெல்லப் பேசு. பேரன் லோகேஷுக்குப் பொண்ணு குடுக்க வந்தவங்க உள்ள குந்திகினு கீறாங்க. எங்கம்மா ஊடு கூலிக்காரன் ஊடுன்னு நானே போயி சொல்லணுமா?"

மங்களம் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் எங்கடி போவேன்?"

சாமுண்டி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க வேலைக்காரி போன வாரம் நின்னுட்டா. வா. ஆனா யாராவது கேட்டா எங்க அண்ணின்னு சொல்லக் கூடாது."

ஆடி மாசம் குடிசையை இடித்தார்கள். மங்களம் இப்போது பூந்தமல்லியில், சாமுண்டீஸ்வரி வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறாள்.